குழந்தை வார்டுக்கு அப்பால்



தீர்ந்துபோன நோயைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். தீராத நோயோடு வளர்ந்து ஆளாகும் பிள்ளைகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இருதய வால்வு பழுதுபட்ட பிள்ளை, நீரிழிவுக்கு நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை, மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளை, வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளை என்று நம்மிடையே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வளர்ந்து வரும் ஒரு கட்டத்தில் இவர்கள் குழந்தை மருத்துவரின் கையிலிருந்து பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவரின் கைக்கு மாறியாக வேண்டும். ஒரு கை விட்டு மறு கை பிடிப்பதற்குள் சிலர் நழுவிவிடுகிறார்கள். இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு கழித்து அவசரப் பிரிவின் வாசலில்தான் அவர்களை மறுபடியும் காண நேர்கிறது.

இந்த இடைவெளி நேற்று முளைத்ததல்ல. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதை நம் கிள்ளானிலிருந்தே தொடங்கலாம்.

1901ஆம் ஆண்டு ஜனவரியில் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் அரசாங்க டாக்டராகக் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான் துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் தொழிலாளர், அதிகாரி என்ற வேறுபாடு பாராமல் எல்லாரையும் படுக்கையில் தள்ளியது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்பதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் அதை நம்பினார். சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார். ஊரைச் சுற்றிப் புதர்களை அழித்தார். காய்ச்சல் தணிந்தது. பின்னாளில் அரசாங்க வேலையை விட்டுத் தோட்டங்களின் மருத்துவராக அவர் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் பிறந்த ஒரு குழந்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள். மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா, கொக்கிப்புழு, தாய்ப்பால் வற்றிய வீட்டில் பசி. இவற்றைத் தாண்டிப் பிழைத்த பிள்ளை தேறிவிட்டது என்று பொருள். இருதயத்தில் துவாரத்தோடோ, இரத்தக் குறைவு நோயோடோ பிறந்த பிள்ளை பெரும்பாலும் தேறவில்லை. நீரிழிவு வந்த பிள்ளை சில மாதங்களிலேயே மெலிந்து மறைந்தது. அதற்கு நீரிழிவு என்ற பெயர்கூட வீட்டாருக்குத் தெரிந்திராது. “ஏதோ சீக்கு, இளைச்சுப் போயிடுச்சு” என்பதோடு சரி. ஆகவே, நீடித்த நோயோடு பதினெட்டு வயதை எட்டிய பிள்ளையை அன்று காண்பது அரிது. அவனுக்கு எந்த வார்டு என்ற கேள்வியும் எழவில்லை.

குழந்தைகளுக்கென்று தனி மருத்துவமனை என்னும் எண்ணம் ஐரோப்பாவில் வேரூன்றியது. 1802இல் பாரிஸ் நகரிலும், 1852இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருவிலும் அப்படிப்பட்ட மருத்துவமனைகள் தொடங்கின. லண்டன் மருத்துவமனை தொடங்கும்போது அதில் இருந்தவை பத்தே கட்டில்கள். நாம் ‘மதராஸ்’ என்று வழங்கிய சென்னையில் டாக்டர் எஸ்.டி. ஆச்சார் 1948 வாக்கில் எழும்பூரில் குழந்தை மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்க்கத் தொடங்கினார். கோலாலம்பூரில் 1870இல் தொடங்கிய பெரிய ஆஸ்பத்திரியின் வளாகத்தில் 1992ஆம் ஆண்டு குழந்தைகளுக்கென ஒரு தனிக் கழகமே எழுந்தது. ‘இன்ஸ்டிட்யூட் பீடியாட்ரிக்’ என்றால் ஜாலான் பகாங் பக்கம் போய்வந்த தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும்.

குழந்தைக்குத் தனி இடம் என்று வகுத்தால், எதுவரை குழந்தை என்ற கோட்டையும் வகுக்கத்தான் வேண்டும். நம் அரசாங்க மருத்துவமனைகளில் நெடுங்காலம் அந்தக் கோடு பன்னிரண்டு வயதில் விழுந்திருந்தது. அடையாள அட்டை எடுக்கும் வயதும் அதுதான். காய்ச்சலோடு வந்து நான்கு நாளில் வீடு திரும்பும் பிள்ளைக்கு இந்தக் கோட்டால் பெரிய தொல்லை இல்லை. ஆறு வயதிலிருந்து ஒரே டாக்டரிடம் வந்துகொண்டிருக்கும் பிள்ளையின் நிலை வேறு. பதின்மூன்று வயதுப் பையன் ஒரு நாள் அறுபது வயதுக் கிழவர்களுக்கு நடுவே கட்டிலில் கிடப்பான். அம்மாவை இரவில் தங்கவும் விடமாட்டார்கள். இன்று நீடித்த நோயுள்ளவர்களைப் பதினெட்டு வயதுவரை குழந்தை மருத்துவர்களே பார்ப்பது பல இடங்களில் உண்டு. ஆனாலும் அது இடத்துக்கு இடம், நோய்க்கு நோய் மாறுபடுகிறது.

இனி, அந்தப் பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கிய கதைக்கு வருவோம்.

1922 ஜனவரியில் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் லியனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. நீரிழிவுக்காக இன்சுலின் பெற்ற முதல் நோயாளி அவன்தான். சாவின் விளிம்பில் கிடந்தவன் எழுந்து நடந்தான். இருபத்தாறு வயதுவரை வாழ்ந்தான். அதே ஆண்டில் இன்சுலின் பெற்ற மற்றொரு பிள்ளை, அமெரிக்க அமைச்சர் சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத். அவர் எழுபத்து மூன்று வயதுவரை வாழ்ந்து 1981இல் மறைந்தார். தமக்கு நீரிழிவு என்பதை அவர் வெளியுலகுக்குச் சொல்லாமலே காலம் கழித்தார் என்பது வியப்பான செய்தி. நோயை மறைத்தாரே தவிர ஊசியை மறக்கவில்லை. இந்தச் செய்திக்கு நாம் பிறகு திரும்பி வருவோம்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், உதடும் நகமும் நீலம் பாரித்துப் பிறக்கும் ‘நீலக் குழந்தை’ ஒன்றுக்கு முதன்முதலாக அறுவை சிகிச்சை நடந்தது. குழந்தை இருதய மருத்துவர் ஹெலன் டாசிக் யோசனை சொன்னார். அறுவை செய்தவர் ஆல்ஃப்ரட் பிளலாக். அந்தச் சிகிச்சை முறையைப் பரிசோதனைக் கூடத்தில் செய்து செய்து பார்த்துச் செம்மைப்படுத்தியவரோ விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர். பட்டம் பெறாதவர், தச்சு வேலையிலிருந்து வந்தவர். அறுவை நடந்தபோது அவர் பிளலாக்கின் தோளுக்குப் பின்னால் நின்று வழி சொன்னார். அவர் பெயர் வெளியே வரப் பல ஆண்டுகள் பிடித்தன. உழைப்பவன் பெயர் கடைசியில் வருவது நமக்குப் புதிதில்லை.

நம் நாட்டிலும் பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். 1957இல் மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 75 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன்பே இறந்தன. 1990இல் அது 13 அளவுக்குக் குறைந்துவிட்டது. 1975இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் நாட்டின் முதல் சிறுநீரக மாற்று நடந்தது. 1987இல் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தைப் பிரிவில் எலும்பு மஜ்ஜை மாற்று தொடங்கியது. தேசிய இருதயக் கழகம் 1992இல் தோன்றியது. இப்படிக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் வளர்ந்தார்கள். காப்பாற்றிய குழந்தை மருத்துவம் அவர்களைப் பள்ளிப் பருவம்வரை கொண்டுவந்து விட்டது. அதற்கு மேல் யார் பொறுப்பு என்பதைத்தான் உலகில் எங்கும் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை.

தோட்டத்துக்கு வருவோம். பழைய தோட்டத்தில் குழந்தைக்கு ஒரு டாக்டர், பெரியவருக்கு ஒரு டாக்டர் என்ற பிரிவே கிடையாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் இருந்தார். பிரசவத்துக்கும் அவரே, பால்வெட்டுக் கத்தி பட்ட காயத்துக்கும் அவரே, கிழவியின் மூட்டு வலிக்கும் அவரே. டிரெசர்கள் முறையாகப் பதிவு பெற வேண்டும் என்று 1965இல் தனிச் சட்டமே வந்தது. எல்லா டிரெசர்களும் தங்கமானவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. எந்த நோய்க்கும் ஒரே கலங்கல் மருந்தை ஊற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. காய்ச்சலோடு வந்தவனைப் பிரட்டுக்குத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. ஆனாலும் ஒன்று. ஐந்தாம் லயத்து மூன்றாவது வீட்டுப் பையனுக்கு இருதயத்தில் கோளாறு, மாதம் ஒரு ஊசி போட வேண்டும் என்பது அவர் நினைவில் இருந்தது. அவன் வராவிட்டால் ஆள் விட்டுக் கூப்பிட முடிந்தது. பையனுக்குப் பன்னிரண்டானாலும் இருபதானாலும் ஆஸ்பத்திரி மாறவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த ஏற்பாடு குலைந்தது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் நகரமானது. சீபீல்டு தோட்டம் 1976 முதல் சுபாங் ஜெயாவாக மாறியது. ஒவ்வொரு தோட்டமாகத் துண்டாகிக் கைமாற, லயத்து மக்கள் மலிவு வீடுகளுக்கும் அடுக்கு மாடிகளுக்கும் சிதறினார்கள். டிரெசரின் புத்தகம் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. அதே காலத்தில்தான் நகரத்து மருத்துவமனைகள் பெருகின. 1985இல் கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை வந்தது. சிகிச்சை முன்பைவிட எத்தனையோ மடங்கு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளையை முகம் பார்த்து அறிந்த ஓர் ஆள் இருந்த இடத்தில், இப்போது தேதி அட்டையும் வரிசை எண்ணும் இருந்தன.

இதில் மிகவும் பாடுபட்டவர்கள் கீல்வாதக் காய்ச்சலால் இருதயம் கெட்ட பிள்ளைகள் என்பது எங்கள் எண்ணம். இந்த நோயைச் சற்று விரிவாகவே பார்ப்போம். நெருக்கமான வீடுகளில் வளரும் பிள்ளைகளை அது தேடி வரும்.

பிள்ளைக்குத் தொண்டை வலி வருகிறது. ஒருவகைக் கிருமி அதற்குக் காரணம். தொண்டை நாலு நாளில் ஆறிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கும், பிறகு கணுக்கால், பிறகு கை மூட்டு. வலி இடம் மாறி இடம் தாவும். கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் படையே இருதய வால்வுகளையும் தாக்கிவிடுவதுதான் இதிலுள்ள கொடுமை. ஒரு முறை வந்தவனுக்கு மறுமுறை வரும். ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கொஞ்சம் சுருங்கும், தடிக்கும். இதைத் தடுக்க 1950களிலிருந்து ஒரு வழி இருக்கிறது. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நீண்ட நாள் உடலில் தங்கும் பென்சிலின் ஊசி. விலை அதிகமில்லை. வலி மட்டும் அதிகம். இடுப்பில் போட்டால் அன்று முழுதும் நொண்ட வேண்டியிருக்கும்.

இந்த ஊசியை எத்தனை நாள் போடுவது? இருதயம் பாதிக்கப்படாதவருக்கே ஐந்து ஆண்டு அல்லது இருபத்தொரு வயது, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை. வால்வு பழுதுபட்டுவிட்டவருக்குப் பத்து ஆண்டு அல்லது நாற்பது வயதுவரை. சிலருக்கு ஆயுள் முழுவதும். ஆக, குழந்தை வார்டில் தொடங்கும் ஊசி குழந்தை வார்டோடு முடிவதில்லை. பதினேழு வயதில் எஸ்.பி.எம். எழுதிவிட்டுப் பையன் போர்ட் கிள்ளான் பக்கம் வேலைக்குப் போகிறான். மூச்சு வாங்கவில்லை, மூட்டு வலிக்கவில்லை, பந்து ஆடுகிறான். ஊசிக்கென்று ஒரு நாள் விடுப்புக் கேட்டால் மேற்பார்வையாளர் முகம் சுளிக்கிறார், எம்.சி. கொண்டுவந்தால் அந்த மாத அலவன்ஸ் போகிறது. “நல்லாத்தானே இருக்கேன்” என்று ஒரு மாதம் விடுகிறான். அடுத்த மாதமும் விடுகிறான். குழந்தைப் பிரிவில் அவன் பெயரை அடித்தாகிவிட்டது. பெரியவர் பிரிவில் அவன் பெயர் ஏறவே இல்லை. அவன் வரவில்லை என்பதுகூட எவருக்கும் தெரிய வழியில்லை.

பெண் பிள்ளையின் கதை இன்னும் கடினம். பதினெட்டு, இருபது வயதில் வீட்டில் கல்யாணப் பேச்சு எழுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று தெரிந்தால் வரன் தட்டிப் போகும் என்று தாய் அஞ்சுகிறாள். அந்த அச்சத்தை நாம் எளிதில் பழித்துவிட முடியாது. நம் சமூகம் அவளுக்குக் கற்பித்த அச்சம் அது. தேதி அட்டை பீரோவுக்குள் போகிறது. திருமணமாகி அவள் கருவுறும்போது உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி பங்கு கூடுகிறது. சுருங்கிய வால்வு வழியே அத்தனை இரத்தமும் போக முடியாது; நுரையீரலில் நீர் கோக்கிறது. அதுவரை நோயே இல்லாதவள்போல் நடமாடியவள் ஆறாம் ஏழாம் மாதத்தில் மூச்சு முட்டி உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்கிறாள். அவளைப் பார்க்கும் மருத்துவருக்கோ பழைய கதை எதுவும் தெரியாது. முன்பே தெரிந்திருந்தால் மருந்தாலோ, வால்வை விரித்துவிடும் சிகிச்சையாலோ அவள் கருவுறுவதற்கு முன்பே வழி செய்திருக்கலாம். எலிசபெத் ஹியூஸ் உலகத்திடம் மறைத்தார்; தம் மருத்துவரிடம் மறைக்கவில்லை. நம் வீடுகளில் சில சமயம் மருத்துவரிடமிருந்தே பெண்ணை மறைத்துவிடுகிறோம்.

நழுவிப் போனவர்களை எண்ணிப் பார்த்தவர்கள் பிற நாடுகளில் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் ஆலன் வாட்சன் என்ற குழந்தைச் சிறுநீரக மருத்துவர் (இவரும் வாட்சன்தான், கிள்ளான் வாட்சனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) 2000ஆம் ஆண்டில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டுப் பெரியவர் பிரிவுக்கு அனுப்பப்பட்ட இளைஞர்கள் இருபது பேர். மூன்றே ஆண்டுக்குள் அவர்களில் எட்டுப் பேரின் சிறுநீரகம் செயலிழந்தது. அந்த எட்டில் ஏழைக் குழந்தைப் பிரிவு எதிர்பார்க்கவே இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் சிக்கலான பிறவி இருதய நோயுள்ள 360 இளைஞர்களைத் தேடிப் பார்த்து 2004இல் வெளியிட்டார்கள். முறையாகப் பெரியவர் பிரிவில் போய்ச் சேர்ந்தவர்கள் நூற்றுக்கு 47 பேர்தான். பதினெட்டு வயதுக்குப் பிறகு எந்த இருதய மருத்துவரையும் பாராதவர்கள் நூற்றுக்கு 27 பேர். இவை செல்வ நாடுகள். அங்கே கூலி பிடிப்பார்களே என்று அஞ்சிப் பையன் போகாமல் இருந்திருக்கமாட்டான். பண வசதி மட்டும் இந்த ஆற்றைக் கடத்திவிடாது என்பது இதனால் தெரிகிறது.

இந்தத் துன்பத்தைக் கண்டு ஏதாவது செய்தவர்கள் யார்? 1951இல் பாஸ்டன் குழந்தை மருத்துவமனையில் ராஸ்வெல் காலகர் என்ற மருத்துவர் பருவ வயதினருக்கென்றே ஒரு பிரிவைத் திறந்தார். 1975இல் லண்டன் தேசிய இருதய மருத்துவமனையில் ஜேன் சாமர்வில் அம்மையார், பிறவி இருதய நோயோடு வளர்ந்த இளைஞர்களுக்கென ஒரு தனி வார்டை அமைத்தார். ‘வளர்ந்துவிட்ட பிறவி இருதய நோயாளர்’ என்று அவர்களுக்கு ஒரு பெயரையும் சூட்டினார். பெயர் வைப்பது சிறிய காரியமாகத் தோன்றும். ஆனால் பெயர் இல்லாத நோயாளிக்கு எந்தப் பிரிவும் கதவு திறப்பதில்லை. 1980களில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் எவரெட் கூப் இதற்கென ஒரு மாநாட்டைக் கூட்டினார். 1993இல் அந்நாட்டுப் பருவ வயது மருத்துவர் சங்கம் ஒரு கருத்தை வெளியிட்டது. ஒரு நாள் கடிதம் எழுதி அனுப்பிவிடுவது இடமாற்றம் மட்டுமே. திட்டமிட்டு, நோக்கத்தோடு, பல ஆண்டுகளில் பிள்ளையைத் தயார்ப்படுத்திக் கடத்திவிடுவதே முறை என்பது அதன் சாரம். 2016இல் இங்கிலாந்தின் அரசு வழிகாட்டு நெறி, பதின்மூன்று பதினான்கு வயதிலேயே இந்தத் தயாரிப்பைத் தொடங்க வேண்டும் என்றும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் குறித்த ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்றும் கூறியது. அந்தப் பொறுப்பாளர் என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு நினைவு வந்தவர் பழைய தோட்டத்து டிரெசர்தான்.

மலேசியாவில் 2001ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் எல்லாரும் சிறாரே என்று சிறார் சட்டம் வகுத்தது. தேசியப் பருவ வயதினர் சுகாதாரக் கொள்கையும் அவ்வாண்டு வெளிவந்தது. பத்து முதல் பத்தொன்பது வயதினரைத் தனிக் கவனத்துக்குரியவர்களாக அது கொண்டது. தேசிய இருதயக் கழகத்திலும் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் குழந்தைகளும் பெரியவர்களும் ஒரே நிலையத்தில் பார்க்கப்படுவதால், அங்கே கடப்பது சற்று எளிது. ஜாலான் பகாங் குழந்தைக் கழகத்தின் பணிகள் 2010களின் இறுதியில் பக்கத்திலேயே எழுந்த புதிய மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்கு மாறின. அதற்குத் துங்கு அசிசா மருத்துவமனை என்று பெயர். அங்கிருந்து பெரியவர்களுக்கான கோலாலம்பூர் மருத்துவமனை நடக்கும் தூரந்தான். ஆனால் பிள்ளைக்கு அது வேறு பதிவு, வேறு முகங்கள்.

தூரம் என்று சொன்னோம். காப்பார் பக்கத்துக் குடும்பம் ஒன்று கோலாலம்பூருக்குப் போய் வரும் நாளைக் கணக்கிடுங்கள். விடியுமுன் பஸ் ஏறிக் கிள்ளான். அங்கிருந்து ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரல். மறுபடி வண்டி மாறி மருத்துவமனை. எண் வாங்கிக் காத்திருந்து, மருந்துக் கூடத்திலும் காத்திருந்து வீடு திரும்பப் பொழுது சாயும். மருத்துவமனைக் கட்டணம் சில வெள்ளிகள்தான். இழந்த நாள் கூலிதான் செலவு. குழந்தைப் பிரிவில் இத்தனை ஆண்டு அம்மா கூடவே வந்தாள். பெரியவர் பிரிவில் பையன் தனியாகப் போக வேண்டும். மருத்துவர் அம்மாவைப் பார்த்துக் கேட்கமாட்டார், அவனைப் பார்த்துத்தான் கேட்பார். “என்ன மருந்து சாப்பிடுகிறாய்?” என்றால், “வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் மாத்திரை அரை” என்பதற்கு மேல் அவனால் சொல்ல முடிவதில்லை. பத்து ஆண்டு சாப்பிட்ட மருந்தின் பெயர் அம்மாவுக்குத்தான் தெரியும். சில வேளை அவளுக்கும் நிறந்தான் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸைச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் நிலைகொண்டிருக்கிறது. அந்தத் தெருக்களில் வெள்ளைக் கோல் பிடித்து நடப்பவர்களைப் பார்க்காதவர் இல்லை. பார்வையற்ற சிறுவருக்குப் பினாங்கில் செயிண்ட் நிக்கலஸ் இல்லமும், ஜொகூர்பாருவில் இளவரசி எலிசபெத் பள்ளியும் இருந்தன. வளர்ந்தவருக்குத் தொழில் கற்பிக்கப் பிரிக்பீல்ட்ஸில் கர்னி பயிற்சி நிலையம் இருந்தது. பிள்ளைப் பருவத்துக்கு ஓர் இடம், அதன் பிறகு இன்னோர் இடம் என்று அந்தக் காலத்திலேயே யாரோ யோசித்திருக்கிறார்கள். பார்வையின்மையும் நீடித்த நோயும் ஒன்றல்லதான். ஆனாலும், பள்ளி முடிந்த பிறகு இந்தப் பிள்ளை எங்கே போவான் என்ற கேள்வியை முன்கூட்டிக் கேட்டால் விடை கிடைக்கும் என்பதற்கு அந்தத் தெருவே சாட்சி.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியவை பல. குடும்பத்தார் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. பிள்ளைக்குப் பதின்மூன்று பதினான்கு ஆகும்போது, மருத்துவரின் அறைக்குள் சில நிமிடமாவது அவனைத் தனியே பேச விடுங்கள். தன் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் அவன் வாயால் சொல்லப் பழக்குங்கள். நீரிழிவுள்ள பிள்ளைக்குப் பருவ வயதில் இன்சுலின் தேவை கூடும். அது அவன் குறும்பினால் மட்டும் வருவதல்ல, உடலின் வளர்ச்சியாலும் வருவது. ஏசாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியாப் பிள்ளை, உடலில் சேரும் இரும்பை நீக்கும் மருந்தை விட்டுவிடத் துடிக்கும் வயதும் இதுதான். முன்பு அந்த மருந்தை இரவெல்லாம் தோலுக்கடியில் ஊசி குத்திச் செலுத்த வேண்டியிருந்தது. வாய்வழி மருந்துகள் வந்த பிறகும் விடுகிறவர்கள் விடத்தான் செய்கிறார்கள். எந்த நோயானாலும், அடுத்த மருத்துவரிடம் தேதி வாங்கி, அங்கே ஒருமுறை போய்வந்த பிறகே பழைய இடத்திலிருந்து விடைபெறலாம்.

விடைபெறும்போது ‘சூராட் ருஜுக்கான்’ எனப்படும் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். நோயின் பெயர், நடந்த அறுவையும் அதன் தேதியும், இப்போதைய மருந்தும் அளவும், எந்த மருந்து உடம்புக்கு ஒவ்வாது என்பதும், பென்சிலின் போடுகிறவருக்கு எந்த வயதுவரை ஊசி என்பதும் அதில் இருக்கட்டும். மூலக் கடிதம் புதிய மருத்துவருக்கு. ஒரு நகல் வீட்டில், பிறப்புப் பத்திரத்தோடு. வேலைக்காக வேறு ஊருக்குப் போகும் பிள்ளை இன்னொரு நகலைத் தன்னோடு கொண்டு போகட்டும். பென்சிலின் ஊசியைப் பெரிய மருத்துவமனையில்தான் போட வேண்டும் என்பதில்லை. கடிதத்தைக் காட்டி, வேலைக்குப் பக்கத்துக் ‘கிளினிக் கெசிஹாத்தான்’ எனும் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்கலாம்.

கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். ஒரு மாலையில் பிள்ளையே அதை வாசித்து வீட்டாருக்குத் தமிழில் சொல்லட்டும். எந்த இடத்தில் சொல்லத் தடுமாறுகிறானோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு, குழந்தை மருத்துவரைக் காணும் அடுத்த தேதியில் அதை அவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.